உதிர்ந்த கேள்விக்குறி: லுமுட் ஹெலிகாப்டர் மோதலும் காசிமேட்டில் ஒரு வீடும்

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள லுமுட் கடற்படைத் தளத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் நடுவானில் மோதிக்கொண்டன. பத்துப் பேர் இறந்தார்கள். அதே நாள் காலை சென்னை காசிமேட்டில் ஒரு வீட்டில் இழவு விழுந்த மாதிரி கூட்டம் கூடிவிட்டது. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் ஒரு தாய் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். ஒரு சிறுவன் அடுத்த மூன்று வாரங்கள் சரியாகத் தூங்கவில்லை.

நான் அந்தப் பகுதியில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறேன். அன்று அந்த வீட்டில் இருந்தேன். சில முடிவுகள் நான் எடுத்தவை, அவற்றில் இரண்டு தவறு. குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

குடும்பத்தில் நான்கு பேர். அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா கருவாடு விற்கிறவர். மூத்த மகன் இந்தியக் கடற்படையில், அரக்கோணம் தளத்தில் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். பறக்கிற வேலை இல்லை, தரையில்தான். ஆனால் தெருவில் எல்லோரும் அவரை ‘ஹெலிகாப்டர் புள்ள’ என்றுதான் சொல்வார்கள். சின்னவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் படிப்பகத்துக்கு வருகிறவன்.

அந்த வாரத்தில் காசிமேடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகம் முழுக்கப் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஆண்கள் வலை பின்னிக்கொண்டோ, பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டோ கரையில்தான் இருப்பார்கள். கை சும்மா இருந்தால் போன்தான். நான்கு நாள் முன்னால், ஏப்ரல் 19 அன்றுதான், நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. தேர்தலுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்புகள் கலையாமல் அப்படியே இருந்தன. எங்கள் தெருவிலேயே நான்கு குரூப். ஒரே ஆள் மூன்றில் இருப்பார்.

இன்னொன்று. சாவுச் செய்தியை எப்படிக் கொண்டுபோவது என்று இந்த ஊருக்குத் தெரியும். போட்டு (படகு) திரும்பாத நாளில் கண்டவரும் போய் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். வயர்லெஸ்ஸில் என்ன கேட்டது, கடைசியாக யார் பார்த்தது என்று பெரியவர்கள் முதலில் கரையில் பேசி முடிப்பார்கள். அப்புறம் இரண்டு பேர் போவார்கள். கூடவே அந்த வீட்டுப் பெண்ணோடு நெருக்கமான இன்னொரு பெண்ணும் போவார். பொய் எச்சரிக்கை என்ன செய்யும் என்பதும் இவர்கள் அறியாததில்லை. 2004 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வரும் என்று வந்த அறிவிப்பைக் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் இதே தெருவில் இருக்கிறார்கள். இவ்வளவு பட்ட ஊர் அன்று காலை ஏன் தடுமாறியது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன்.

ஒரு கேள்வி செய்தியான விதம்

லுமுட்டில் மோதல் நடந்தது அவர்கள் நேரப்படி காலை 9.32-க்கு. நம் கணக்கில் ஏழு மணி இரண்டு நிமிடம். கீழே இருந்து யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். கூட்டமாக வரும் ஹெலிகாப்டர்களில் ஒன்று பக்கத்தில் இருந்ததைத் தொடுகிறது. இரண்டும் உடைந்து விழுகின்றன. சில நொடிகள்தான்.

எங்கள் தெருக் குரூப்புக்கு அது வந்தபோது மணி ஒன்பதே முக்கால். உடன் ஒரு வார்த்தைகூட இல்லை. எந்த நாடு, எந்த ஊர், எப்போது, ஒன்றும் கிடையாது.

இரண்டு நிமிடத்தில் ஒருவர் கீழே கேட்டார்: ‘அரக்கோணமா?’

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். பதறித்தான் கேட்டிருக்கிறார். அதைப் படித்த இன்னொருவர் வீடியோவை வேறொரு குரூப்புக்கு அனுப்பும்போது மேலே ‘அரக்கோணம்’ என்று போட்டார். கேள்விக்குறியைப் போடவில்லை. மூன்றாவது குரூப்பில் அது ‘அரக்கோணம் நேவி ஹெலிகாப்டர்’ ஆனது. நான்காவதில் ‘நம்ம ஏரியா பையன் இருக்கிற இடம், எல்லாரும் வேண்டிக்குங்க’ என்று கைகூப்பும் படத்தோடு வந்தது. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

பிறகு நான்கு குரூப்பிலும் உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து இந்த வரிசையை எழுதி வைத்தேன். பொய் சொன்னவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் அக்கறையைத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அது தெரிந்தது கருவாட்டுக் கடையில். பக்கத்துக் கடைக்காரரின் மகள் போனை நீட்டி, “அத்தை, அண்ணன் ஃபோன் பண்ணாரா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் வீடியோவைப் பார்த்தார். எடை போட்டுக்கொண்டிருந்த நெத்திலியைத் தராசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்குள் பார்த்தவை

என்னைக் கூப்பிட்டபோது மணி பத்தே முக்கால். பத்துக்குப் பத்து அறையில் இருபது பேருக்கு மேல். கவனித்தவற்றை அன்று இரவே எழுதி வைத்தேன், அதிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, சத்தம். குறைந்தது மூன்று போனில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும். அந்த அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் வரும்போதும் அவர் தோள் ஒருமுறை உதறியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, போன் அழைப்பு. மூத்தவருக்கு அம்மா அடிக்கிறார், அப்பா அடிக்கிறார், சித்தப்பா, அத்தை, தெருவில் நம்பர் வைத்திருந்த எல்லோரும் அடிக்கிறார்கள். மணி போகிறது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் அவர் கையில் இருக்காது என்று அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் “எம் புள்ள எடுக்கலையே, எடுக்கலையே” என்று அந்த அம்மா சொல்லும்போது அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பதினொன்றரை மணிக்கு ‘சுவிட்ச் ஆஃப்’ என்று வந்தது. அறையே ஒரு நொடி அமைதியாகி, அப்புறம் ஓவென்று அழுகை எழுந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்குள் வைத்திருந்த போன், விடாமல் வந்த அழைப்புகளால் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அணைத்தது நாங்கள்தான்.

மூன்றாவது, அப்பா. துறைமுகத்தில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார். கையெல்லாம் பெயிண்ட். அழைத்து அழைத்துத் திரை முழுக்கப் பூசிவிட்டது. கடைசியில் எந்தப் பெயர் எங்கே என்று தெரியாமல், பெயிண்ட் படிந்த அந்தத் திரையை வேட்டியில் துடைத்துத் துடைத்து மறுபடி தடவிக்கொண்டிருந்தார்.

நான்காவது, சின்னவன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நின்றுகொண்டு அவனும் வீடியோவைத்தான் பார்த்தான். ஆனால் மற்றவர்கள் போல் ஓடவிடவில்லை. நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு துளி நகர்த்தி, மறுபடி நிறுத்தி. என்னடா பார்க்கிறாய் என்றேன். “அக்கா, இது அண்ணன் காட்டின ஹெலிகாப்டர் மாதிரி இல்ல” என்றான்.

“சரிடா, நீ அத வச்சிரு” என்று போனைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

இது என் முதல் தவறு. அவன் சொன்னது சரி. அண்ணன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சேத்தக், சீ கிங் என்று படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். லுமுட்டில் மோதியவை ஏ.டபிள்யூ. 139 ஒன்றும் ஃபென்னெக் ஒன்றும். இரண்டும் இந்தியக் கடற்படையில் இல்லாதவை. அந்த அறையில் தெளிவாக யோசித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான். குழந்தை பயந்துபோய் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வீடியோவை நிறுத்தச் சொன்னேன். கெஞ்சியும் அதட்டியும்தான் அது நடந்தது. காரணம் எளிது: அந்த அம்மாவின் தோள். சத்தம் நின்ற பிறகு அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அடுத்து, செய்தி தேடினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மலேசியா, லுமுட், அந்நாட்டுக் கடற்படையின் 90-ஆவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகை. ஒரு ஹெலிகாப்டரில் ஏழு பேர், இன்னொன்றில் மூன்று பேர், எல்லோரும் இறந்துவிட்டார்கள். அந்தக் காட்சிகளைப் பகிர வேண்டாம், குடும்பங்களை நினைத்துப் பாருங்கள் என்று மலேசியக் கடற்படை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வரியைப் படித்தபோது சுற்றிப் பார்த்தேன். இருபது பேர் கையிலும் அதே காட்சி.

அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து, “அக்கா, இது மலேசியா. அரக்கோணம் இல்ல. நம்ம நேவி இல்ல” என்று மூன்று முறை சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தலையாட்டினார். “அப்ப ஏன் சுவிட்ச் ஆஃபு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது முடிவு சித்தப்பாவுடையது. அவரும் தெருக்காரர் ஒருவரும் வண்ணாரப்பேட்டையில் அரக்கோணம் லோக்கல் பிடித்து நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். வேண்டாம், வீண் அலைச்சல், உள்ளே விட மாட்டார்கள், செய்திதான் தெளிவாக இருக்கிறதே என்று தடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, கிளம்பிவிட்டார்கள். என் இரண்டாவது தவறு அந்தத் தடுப்பு. நல்லவேளை, யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை.

நான்காவது, நான்கு குரூப்பிலும் ஒரே செய்தியைப் போட்டேன்: ‘வீடியோ அரக்கோணம் இல்லை. மலேசியக் கடற்படை. இறந்தவர்கள் 10 பேர்.’ உண்மை, சுருக்கம், போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது அலை

பிற்பகலில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் குரூப்புக்கு வந்தது. பேராக் தமிழர்கள் நிறைய வாழும் மாநிலம். இறந்த பத்துப் பேரில் தமிழ்ப் பெயர் கொண்ட அதிகாரி ஒருவரும் இருந்தார்.

நான் போட்ட செய்தியில் ‘மலேசியா’ இருந்தது, ‘10 பேர்’ இருந்தது. பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. இரண்டையும் சேர்த்து யாரோ ஒருவர், ‘பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புவாங்களாமே’ என்று எழுதினார். மறுபடியும் கேள்விதான், கேள்விக்குறி இல்லாமல். முதலில் பரவியது முழுப் பொய், அதை ஒரே வரியில் மறுக்க முடிந்தது. இது முக்கால்வாசி உண்மை. மோதல் உண்மை, கடற்படை உண்மை, தமிழர் உண்மை. போன் அணைந்திருப்பதும் உண்மை. பெயர் வேறு என்பதை மட்டும் யாரும் நின்று பார்க்கவில்லை.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டேகால் மணிக்கு எழுந்து வாசலுக்கு வந்தார், படியில் கால் வைத்தார், அப்படியே சரிந்தார். தாங்கிப் பிடித்ததால் தலையில் அடி இல்லை. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. காலை மாத்திரையைப் போடாமலே கடைக்குப் போயிருக்கிறார். அன்று இரவு வைத்திருந்து பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள்.

மூன்று மணி வாக்கில் சித்தப்பாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. தளத்தின் வாசலில் பெயரும் பிரிவும் சொல்லி, வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் இருந்தவர் உள்ளே தகவல் அனுப்பி, மகனையே வரவழைத்துவிட்டார். அப்பா போனை வாங்கினார். “நைனா, நான்தான்” என்ற குரல் வெளியே எனக்கே கேட்டது. அவர் பதில் பேசவில்லை. போனை அப்படியே மனைவியின் காதில் வைத்தார்.

தெருவில் யாரோ லட்டு வாங்கி வந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் கை நீட்டவில்லை. “அங்க பத்து வூட்ல பொணம் வுழுந்துக்கீது. இங்க சுவீட்டா?” என்றார். லட்டு டப்பா மூடப்பட்டது. காலையிலிருந்து அந்தப் பத்துப் பேரை மனிதர்களாக நினைத்த முதல் ஆள் அவர்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சின்னவனுக்கு நேர்ந்தது

அண்ணன் நலம் என்று தெரிந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அவனுக்குச் சரியாகவில்லை. இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வான். மின்விசிறியைப் போட விடமாட்டான், அதுவும் சித்திரை வெயிலில். அவன் அம்மா இதை என்னிடம் சொன்னபோது, மேலே சுற்றும் இறக்கையைத்தான் அவன் பார்க்கிறான் என்று புரிய எனக்கு ஒரு நாள் ஆனது.

அவனிடம் கேட்டேன். அன்று எத்தனை முறை பார்த்தாய்? தெரியாது என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க குதிச்சிருக்கலாம் இல்லக்கா?” என்றான். அதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. அதை மறந்துவிடு என்று சொல்வதைவிட, என்ன நடந்தது என்று சொல்வதே நல்லது என்று முடிவெடுத்தேன். மே மாதம் அண்ணன் விடுமுறையில் வந்தபோது படிப்பகத்தில் உட்கார்ந்து மூவரும் பேசினோம். வேறு சில பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வீடியோ போடவில்லை. தாளில் வரைந்துதான் பேசினோம்.

குதிப்பதைப் பற்றி அண்ணனே சொன்னார். போர் விமானத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு உண்டு. ஹெலிகாப்டரில் தலைக்கு மேலேயே விசிறி சுற்றுகிறது, அதனால் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் அது கிடையாது. இன்ஜின் நின்றுபோனால்கூடப் பயப்பட வேண்டாம், கீழே இறங்கும்போது எதிரே வரும் காற்றில் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், அதை வைத்துத் தரையிறக்கப் பழகியிருப்பார்கள். ஆனால் விசிறியே உடைந்தால் அந்த வழியும் இல்லை, ஹெலிகாப்டருக்கு இறக்கை என்பதே அதுதான். லுமுட்டில் உடைந்தது அது. ஒன்று விளையாட்டரங்கத்தின் பக்கம் விழுந்தது, இன்னொன்று நீச்சல் குளத்தில். “யோசிக்கவே நேரம் இருந்திருக்காதுடா” என்றார். சின்னவன் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டான். பயப்படுவான் என்று நினைத்தேன், அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த கேள்வி: பக்கத்தில் வருவது தெரியாதா? இதற்கு நடுவில் அப்பாவும் வந்து சேர்ந்தார். ஏ.டபிள்யூ. 139-இன் விசிறி கிட்டத்தட்ட பதினான்கு மீட்டர் அகலம், ஃபென்னெக்குக்குப் பத்தரை மீட்டருக்கு மேல். சுற்றும்போது அதன் விளிம்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கூட்டமாகப் பறக்கும்போது முன்னால் போகிறவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவரைக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். அப்பா உடனே, “ஆர்பர் வாயில போட்டு உள்ள வர்றப்ப அதான. பின்னால வர்றவன்தான் பாக்கணும். ரெண்டு பேரும் மத்தவன் பாத்துக்குவான்னு நெனச்சா முடிஞ்சிது” என்றார். அண்ணன் சிரித்து, “அதேதான் நைனா” என்றார்.

இது லுமுட்டில் மட்டும் நடந்ததா என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். இல்லை. லுமுட்டுக்கு மூன்று நாள் முன்னால்தான், ஏப்ரல் 20 இரவு, ஜப்பானியக் கடற்படையின் இரண்டு ஹெலிகாப்டர்கள் தோரிஷிமா தீவருகே மோதிக் கடலில் விழுந்தன, எட்டுப் பேர். 2012 ஆகஸ்ட் 30 அன்று நம் விமானப் படையின் இரண்டு எம்.ஐ. 17 ஹெலிகாப்டர்கள் குஜராத்தில் ஜாம்நகர் அருகே மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். 1996 ஜூனில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் அருகே இரவுப் பயிற்சியில் இரண்டு பிளாக் ஹாக் மோதி 18 பேர். 1997 பிப்ரவரியில் இஸ்ரேலில் 73 பேர். அமெரிக்காவின் கென்டக்கியில் 2023 மார்ச்சில் ஒன்பது பேர், அதுவும் இரவுப் பயிற்சி. இருட்டில் பார்க்கும் கண்ணாடியைப் பற்றி அண்ணன் விளக்கினார். இரண்டு கையையும் குழாய் மாதிரி சுருட்டிக் கண்ணில் வைத்து அறையைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் காணாமல் போய்விட்டான்.

ஜப்பான் தவிர இந்தப் பட்டியலில் எதற்கும் எங்கள் குரூப்பில் ஒரு வார்த்தை வந்ததில்லை. ஜப்பான் செய்தி வந்தது, ஒருவரும் நின்று படிக்கவில்லை. அந்த மோதலுக்கு வீடியோ இல்லை.

அன்று இரவு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினான் என்று அவன் அம்மா சொன்னார். அடுத்த வாரம் இரண்டு நாள் மறுபடி எழுந்தான். அப்புறம் இல்லை.

மாற்றியவை

ஜூன் தொடக்கத்தில், தடைக்காலம் முடிவதற்குள், நான்கு குரூப்பின் அட்மின்களையும் இரண்டு பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினோம். விதி எழுதி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் குறைவாகத்தான் முடிவு செய்தோம்.

போட்டு திரும்பாத நாளின் பழக்கத்தையே போனுக்கும் எடுத்துக்கொண்டோம். விபத்து என்று எது வந்தாலும், தெருவில் ஒருவருக்குச் சம்பந்தம் இருக்குமோ என்று தோன்றினாலே, குரூப்பில் கேட்பதில்லை. இரண்டு பேரில் ஒருவருக்கு நேரே போன் செய்வது. அந்த இரண்டு பேர் யார் என்று தெருவுக்கே தெரியும். அவர்கள் விசாரித்து முடிக்கும்வரை அந்த வீட்டுக்கு யாரும் அடிப்பதில்லை, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒருவர் மட்டுமே அடிப்பது. ‘கேட்டா தப்பா?’ என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். அன்று ‘அரக்கோணமா?’ என்று கேட்டவர்தான். தப்பு இல்லை, கேட்ட இடம்தான் தப்பு என்றார் ஒரு பெரியவர். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

வெளியூரில், ராணுவத்தில், கப்பலில், வளைகுடாவில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இரண்டாவது எண் ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னோம். கூட வேலை செய்பவர், அறையில் தங்கியிருப்பவர், அலுவலகத் தொலைபேசி, ஏதாவது ஒன்று. தெருவில் அப்படிப் பதினோரு வீடு. அந்த எண் போனில் மட்டும் இல்லாமல் சுவர்க் காலண்டரிலோ நோட்டிலோ எழுதியிருக்க வேண்டும்.

என் பக்கம் மூன்று. மறுப்புச் செய்தியைக் குரூப்பில் போடுவதற்கு முன் அந்த வீட்டில் நேரில் சொல்லி முடிப்பேன். அப்படிப் போடும்போது எண்ணிக்கையையும் நாட்டையும் மட்டும் எறிந்துவிட்டுப் போகாமல், ‘பையனிடம் இன்னும் பேசவில்லை, பேசியதும் சொல்கிறோம்’ என்பதையும் எழுதுவேன். தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுத் தெரியாததை மறைத்ததால்தான் இரண்டாவது அலைக்கு இடம் கிடைத்தது. அடுத்தது, நேரில் போகிறேன் என்பவரைத் தடுக்க மாட்டேன். ஒரு தாய்க்கு ‘மலேசியா’ என்ற தகவல் போதாது. குரல் வேண்டும். அதைக் கொண்டுவந்தது ரயிலில் போனவர்தான். கடைசியாக, அறையில் ஒரு குழந்தை ஏதாவது சொன்னால் கேட்பேன். சொல்வதற்குச் சுலபம். இதை எழுதும்போதுகூட அவன் கையிலிருந்து போனை வாங்கியது என் கையில் உறுத்துகிறது.

வீட்டில் மாத்திரை டப்பா கடவுள் படத்தட்டுக்குக் கீழே வந்துவிட்டது, கண்ணில் படும்படி.

ஒன்பது மாதம் கழித்து

2025 ஜனவரி 30 காலை, வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் மோதிய செய்தி வந்தது. அங்கே அது 29-ஆம் தேதி இரவு. 67 பேர் இறந்தார்கள். இருட்டில் ஒரு வெளிச்சம் வெடிக்கும் அந்த வீடியோ எங்கள் குரூப்புக்கும் வந்தது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். குரூப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீடியோவை அனுப்பியவரே பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார். எனக்கு ஒரு போன் வந்தது. அன்று அரக்கோணம் ரயில் ஏறிய அதே சித்தப்பாதான். “அந்தப் பொண்ணு இருக்கிறது எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது. அந்த வீட்டுக் காலண்டரில் இருந்த இரண்டாவது எண்ணை அவள் அண்ணியிடம் வாங்கிப் பேசினோம். அவள் இருப்பது வேறு மாநிலம், பல மணி நேரத் தொலைவு. பேசி முடித்த பிறகே அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் அப்போதுதான் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்ன விபத்து என்று எங்களைத்தான் கேட்டார்.

லுமுட் மோதலுக்கு ஓராண்டு நிறைந்த அன்று, கருவாட்டுக் கடை அம்மா ராயபுரம் இராயப்பர் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். பத்து வாங்கியிருந்தார். காற்றில் இரண்டு அணைந்துவிட, சின்னவன் கையை வளைத்து மறைத்துக்கொண்டு நின்றான். அவர் மறுபடி ஏற்றினார்.